மூன்று இயங்குதளம், மூன்று மொழி, ஒரே கை: துணைவிசைகளை இடம் மாற்றுவது பற்றிய ஆய்வு

நமுனுகுல அடிவாரத் தோட்டங்களிலிருந்து பசறைக்கும் பதுளைக்கும் படிப்புக்கும் வேலைக்கும் போய்வரும் இளைஞர்களில் பலர் ஒரே கணினியை நம்பி இருப்பதில்லை. பாடசாலைக் கணினி அறையில் விண்டோஸ். வலுக்குறைந்த பழைய இயந்திரம் ஓட வேண்டுமென்று யாரோ போட்டுக்கொடுத்த லினக்ஸ் இன்னொன்றில். கொழும்பு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும் அண்ணனோ அக்காவோ கொண்டுவந்த லெப்டொப், மெக்காக இருக்கலாம். இந்த மூன்றிலும் எழுத வேண்டிய மொழிகளும் மூன்று: வீட்டுக்கும் பாடசாலைக்கும் தமிழ், அலுவலகக் கடிதத்துக்குச் சிங்களம், வேலை விண்ணப்பத்துக்கு ஆங்கிலம். பசறை, ஹாலி-எல, அப்புத்தளை போன்ற பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. அங்கே ஒரே மேசையில், ஒரே விசைப்பலகையில், ஒரே மணித்தியாலத்துக்குள் மொழி மாறி மாறித் தட்ட வேண்டியிருக்கிறது.

இயங்குதளம் மாறும்போது எழுத்து விசைகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. குழப்பம் கீழ்வரிசையில்தான். கொன்ட்ரோல், ஆல்ட், விண்டோஸ், கொமாண்ட், ஒப்ஷன் என்று தனியே அழுத்தினால் எழுத்துத் தராமல், மற்ற விசையின் வேலையை மாற்றும் துணைவிசைகள் அவை. பிரதி எடுக்க நினைத்த விரல் வேறு எதையோ திறக்கிறது. தமிழுக்கு மாற நினைத்த விரல் தேடற்பெட்டியை வரவழைக்கிறது. இதற்குத் துணைவிசைகளை மாற்றி அமைத்துக்கொள்ளலாம். எதை, எங்கே, எந்த அளவுக்கு மாற்றுவது என்பதுதான் இக்கட்டுரை ஆராயும் கேள்வி. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: விசையின் பெயரைப் பாராமல் அது இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு விசைகளை ஒன்றுக்கொன்று மாற்றுவதைவிட, பயனற்றுக் கிடக்கும் ஒரு விசைக்கு வேலை கொடுப்பதே நல்லது.

இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது

துணைவிசைகளில் மூத்தது ஷிப்ட். 1878இல் வந்த ரெமிங்டன் 2 தட்டச்சு இயந்திரத்தோடு அது புழக்கத்துக்கு வந்தது. ஒரே அச்சுத்தண்டில் இரண்டு எழுத்துகளை வைத்து, எந்த எழுத்துத் தாளில் விழவேண்டும் என்பதை இந்த விசை தீர்மானித்தது. எழுத்துகள் அதிகமுள்ள தமிழுக்கு அதுமட்டும் போதவில்லை. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை உருவாக்கியபோது, தட்டினாலும் தாள் நகராத விசைகளைப் பயன்படுத்தினார். புள்ளியும் விசிறியும் எழுத்தின்மேல் வந்து அமர்ந்தது அதனால்தான். ஒரு விசை இன்னொரு விசையின் விளைவை மாற்றும் ஏற்பாடு தமிழ்த் தட்டச்சில் தொடக்கத்திலிருந்தே உண்டு.

கணினிக் காலத்தில் பாதைகள் பிரிந்தன. 1981இல் வந்த ஐ.பி.எம். தனிநபர்க் கணினியின் விசைப்பலகையில் கொன்ட்ரோல் விசை, ஆங்கில ஏ எழுத்துக்குப் பக்கத்தில், இன்று கெப்ஸ் லொக் இருக்கும் இடத்தில் இருந்தது. 1980களின் நடுவில் வந்த 101 விசைப் பலகை கெப்ஸ் லொக்கை அந்த இடத்தில் அமர்த்தி, கொன்ட்ரோலைக் கீழ் மூலைக்குத் தள்ளியது. அந்த அமைப்பே உலக வழக்காகிவிட்டது. 1994இல் மைக்ரோசொஃப்ட்டின் நெச்சுரல் விசைப்பலகையோடு விண்டோஸ் விசை சேர்ந்தது.

அப்பிள் வேறு வழியில் போனது. 1984இல் வந்த மெக்கின்டொஷ் கணினியில் குறுக்குவழிகளுக்கென்றே கொமாண்ட் விசை இருந்தது. அதன் நான்கு மடிப்புக் குறியைத் தேர்ந்தெடுத்தவர் சூசன் கேர். முதல் மெக்கில் கொன்ட்ரோல் விசையே கிடையாது. அது பிறகு வந்தது. அதனால் இன்றும் மெக்கில் பிரதி எடுத்தல், ஒட்டுதல், சேமித்தல் எல்லாம் கொமாண்ட்டின் வேலை. கொன்ட்ரோல், கட்டளைகளைத் தட்டும் முனையத்துக்கும் வேறு சில பணிகளுக்கும் ஒதுங்கியிருக்கிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் இந்த இரண்டு வேலைகளும் கொன்ட்ரோலின் தலையிலேயே விழுகின்றன. லினக்ஸ் முனையத்தில் கொன்ட்ரோலும் சியும் சேர்ந்தால் ஓடும் நிரல் நின்றுவிடும்; பிரதி எடுக்க ஷிப்ட்டையும் சேர்த்து அழுத்த வேண்டியிருப்பது இதனால்தான்.

லினக்ஸில் மெட்டா, சூப்பர், ஹைப்பர் என்ற பெயர்களையும் காணலாம். இவற்றில் சூப்பரும் ஹைப்பரும் 1970களின் இறுதியில் எம்.ஐ.டி.யின் லிஸ்ப் இயந்திரங்களுக்காகச் செய்யப்பட்ட விசைப்பலகைகளிலிருந்து வந்தவை. இன்று சூப்பர் என்றால் நடைமுறையில் விண்டோஸ் விசைதான்.

விசைப்பலகை உண்மையில் என்ன அனுப்புகிறது

இந்தச் சிக்கலை விளங்கிக்கொள்ள யூ.எஸ்.பி. விசைப்பலகையின் செய்தியைக் கிட்டத்தில் பார்ப்போம். அடிப்படை முறையில் அது ஒவ்வொரு முறையும் 8 பைட் கொண்ட செய்தியை அனுப்புகிறது. முதல் பைட் முழுக்கத் துணைவிசைகளுக்கே. அதன் 8 பிட்டுகளில் இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு விசைகள் அடங்குகின்றன: கொன்ட்ரோல், ஷிப்ட், ஆல்ட், நான்காவதாக விண்டோஸ் அல்லது கொமாண்ட். இரண்டாம் பைட் வெறுமை. மீதி ஆறும் அழுத்தப்பட்ட மற்ற விசைகளின் எண்கள். சி எழுத்தின் எண் 6. இடது கொன்ட்ரோலோடு சி அழுத்தினால் முதல் பைட்டின் மதிப்பு 1. கொமாண்ட்டோடு அழுத்தினால் 8. விண்டோஸ் விசையோடு அழுத்தினாலும் அதே 8.

ஆக, விண்டோஸ் விசையும் கொமாண்ட் விசையும் ஒரே குறியீடு. ஆல்ட்டும் ஒப்ஷனும் ஒரே குறியீடு. விசைக்கு மேல் அச்சடித்திருக்கும் படம்தான் வேறு. அப்படியானால் சிக்கல் எங்கே? வரிசையில். சாதாரணப் பலகையில் இடப்பக்கத்திலிருந்து கொன்ட்ரோல், விண்டோஸ், ஆல்ட், அதன்பின் இடைவெளிப் பட்டை. மெக் பலகையில் கொன்ட்ரோல், ஒப்ஷன், கொமாண்ட், அதன்பின் பட்டை. இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் தலைகீழ். பதுளைக் கடையில் வாங்கிய சாதாரணப் பலகையை மெக்கில் செருகியதும் எல்லாம் புரண்டதுபோல் தோன்றுவதன் காரணம் இவ்வளவுதான்.

விரல் பெயரை வாசிப்பதில்லை. இடத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. துணைவிசை மாற்றத்தின் அடிப்படை விதி இதிலிருந்தே பிறக்கிறது.

தமிழ் எழுதுகிறவரின் கூடுதல் சுமை

ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்குத் துணைவிசைதான் குழப்பம். தமிழருக்கு எழுத்தமைப்பே இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுகிறது. இலங்கையில் 2008ஆம் ஆண்டின் எஸ்.எல்.எஸ். 1326 தரநிலை, தட்டச்சு மரபிலிருந்து வந்த ரெங்கநாதன் அமைப்பை ஏற்றது. தமிழ்நாடு அரசு 1999இல் தமிழ் 99 அமைப்பை ஏற்றது. நம் அச்சகங்களிலும் கொமியூனிகேஷன் கடைகளிலும் பாமினி எழுத்துருவின் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை. இளையவர்கள் ஆங்கில ஒலிப்பில் தட்டுகிறார்கள். மெக்கில் அஞ்சலும் தமிழ் 99உம் கூடவே வருகின்றன. விண்டோஸ் 10இல் 2019 முதல் இவை இரண்டும் கிடைக்கின்றன. அதற்கு முன் அங்கு இருந்தது இன்ஸ்கிரிப்ட். லினக்ஸில் எம்17என் தொகுதியை நிறுவினால் ரெங்கநாதனும் கிடைக்கும்.

இந்த அமைப்புகள் ஷிப்ட்டைப் பயன்படுத்தும் அளவிலும் வேறுபடுகின்றன. தமிழ் 99இல் ஷிப்ட் பெரும்பாலும் கிரந்த எழுத்துகளுக்குத்தான். ஒலிப்பு முறையில் ண, ள, ற எழுத ஷிப்ட் வேண்டும். பாமினியிலும் ரெங்கநாதனிலும் ஷிப்ட் இல்லாமல் ஒரு வரிகூட எழுத முடியாது.

இந்த இடத்தில் கெப்ஸ் லொக்கைக் கவனியுங்கள். பாமினியில் ‘தமிழ்’ என்று எழுத ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகளைத் தட்டுகிறோம். தெரியாமல் கெப்ஸ் லொக் பட்டிருந்தால், அதே ஐந்து தட்டல்கள் ‘து’, ‘மு’, நெடில் விசிறி, ‘ழு’, புள்ளி என்று தாறுமாறாக விழும். ஆங்கிலத்தில் கெப்ஸ் லொக் பட்டால் எழுத்துப் பெரிதாகும், சொல் சொல்லாகவே இருக்கும். தமிழில் சொல்லே சிதைகிறது. தமிழுக்கும் பெரிய எழுத்து இல்லை, சிங்களத்துக்கும் இல்லை. நாம் எழுதும் மூன்று மொழிகளில் இரண்டுக்கு எந்தப் பயனும் தராத, தவறிப் பட்டால் கேடு செய்யும் விசை, சுண்டுவிரலுக்கு மிக வசதியான இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது சுமை மொழி மாற்றம். விண்டோஸில் ஆல்ட்டும் ஷிப்ட்டும் சேர்ந்து நெடுங்காலம் அந்த வேலையைச் செய்தன. விண்டோஸ் 8 முதல் விண்டோஸ் விசையோடு இடைவெளிப் பட்டை. லினக்ஸின் நோம் திரையில் சூப்பரோடு பட்டை, அதாவது அதே விசைகள். மெக்கில் கொன்ட்ரோலோடு பட்டை; கொமாண்ட்டோடு பட்டையை அழுத்தினால் தேடற்பெட்டி வரும். என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருளில் ஆல்ட்டோடு ஓர் எண். மும்மொழியில் எழுதுகிறவர் பிரதி எடுப்பதைவிட அதிகமாகவே மொழி மாற்றுகிறார். ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்கான வழிகாட்டிகள் இதைத் தொடுவதே இல்லை.

மூன்றாவது, தமிழில் இருக்கும்போது குறுக்குவழிகள் வேலை செய்யுமா என்பது. விண்டோஸின் தமிழ் அமைப்புகளில் கொன்ட்ரோலோடு சி விசையைத் தட்டினால் பிரதி எடுக்கிறது. அங்கே அந்த விசைக்கு உள்ளே சி என்ற அடையாளம் மாறாமல் இருக்கிறது. லினக்ஸில் பெரும்பாலான செயலிகள் அடுத்த அமைப்பிலுள்ள ஆங்கில எழுத்தைத் தேடி எடுத்துச் சமாளிக்கின்றன. சில செயலிகள் தமிழ் எழுத்தை மட்டுமே பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கும். ஆகவே லினக்ஸில் பட்டியலின் முதலில் ஆங்கிலத்தையும் அடுத்துத் தமிழையும் வைப்பது பாதுகாப்பு.

மாற்றும் வழிகள்

மெக்கில் இது மிக எளிது. கணினி அமைப்பில் விசைப்பலகைப் பகுதிக்குப் போனால் துணைவிசைகளுக்கென்றே ஒரு பட்டியல் உண்டு. ஒவ்வொரு விசைக்கும் எந்த வேலை என்று தெரிவு செய்யலாம். செருகிய ஒவ்வொரு விசைப்பலகைக்கும் வெவ்வேறாக வைக்கலாம் என்பது இதன் பெரிய வசதி: லெப்டொப்பின் சொந்தப் பலகை இருந்தபடி இருக்கும், வெளியிலிருந்து செருகிய சாதாரணப் பலகையில் மட்டும் ஆல்ட்டையும் விண்டோஸையும் மாற்றலாம். இன்னும் நுணுக்கம் வேண்டுமானால் கராபினர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

லினக்ஸில் எக்ஸ்கேபி என்ற அடுக்கு இந்த வேலையைச் செய்கிறது. நோமில் ட்வீக்ஸ் செயலியிலும், கே.டி.ஈ.யில் விசைப்பலகை அமைப்பிலும் இதற்கான தெரிவுகள் தயாராக உள்ளன: கெப்ஸ் லொக்கை இன்னொரு கொன்ட்ரோலாக்கு, ஆல்ட்டையும் விண்டோஸையும் மாற்று, இரு ஷிப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் கெப்ஸ் லொக் ஆகட்டும் என்று பல. நிர்வாகி அனுமதி தேவையில்லை; மாற்றம் அவரவர் கணக்கோடு நிற்கும்.

விண்டோஸில் இரண்டு வழிகள். ஒன்று, ரெஜிஸ்ட்ரியில் ஸ்கேன்கோட் மெப் என்ற பதிவை இடுவது. ஷார்ப்கீஸ் என்ற சிறு மென்பொருள் அதை நமக்காக எழுதித்தரும். இது ஆழமான மாற்றம்: நிர்வாகி அனுமதி வேண்டும், கணினியை மறுபடி தொடக்க வேண்டும், அந்தக் கணினியைத் தொடும் எல்லோரையும் பாதிக்கும். மற்றது மைக்ரோசொஃப்ட்டே தரும் பவர்டோய்ஸ். அது ஓடும்வரை மட்டும் மாற்றம் இருக்கும், நிறுத்தினால் பழையபடி. கடவுச்சொல் கேட்கும் நுழைவுத் திரையில் அது வேலை செய்யாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

குரோம்புக்கில் கெப்ஸ் லொக் இடத்தில் தேடல் விசை இருக்கும். அதைக் கொன்ட்ரோலாக்க அமைப்பிலேயே இடமுண்டு. இவை தவிர, மாற்றத்தை விசைப்பலகைக்குள்ளேயே பதித்துவைக்கும் பலகைகளும் உண்டு, கியூ.எம்.கே. என்ற திறந்த மென்பொருளில் ஓடுபவை அவை. எந்தக் கணினியில் செருகினாலும் விசைகள் மாறாமல் கூடவே வரும். விலை நம் வட்டாரத்தில் பலருக்கு எட்டாது என்பதே தடை.

ஓர் எச்சரிக்கை. ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குத் தொலைவிலிருந்து நுழைந்து வேலை செய்கிறவர்கள் ஒரு முனையில் மட்டுமே மாற்றம் வைக்க வேண்டும். இரு முனையிலும் வைத்தால் விசை இருமுறை புரண்டு, எங்கே பிழை என்று கண்டுபிடிக்கவே முடியாமல் போகும்.

மூன்று தரப்பு வாதங்கள்

எதையும் மாற்றாதே, ஒவ்வொரு இயங்குதளத்தையும் அதன் வழக்கப்படி பழகு என்பது முதல் தரப்பு. இதில் வலுவான நியாயம் இருக்கிறது. பாடசாலைக் கணினி, நெனசல நிலையக் கணினி, பரீட்சை நிலையக் கணினி எதுவும் நம் சொந்தமில்லை. தன் வீட்டு மாற்றத்துக்கே பழகிய மாணவி, பரீட்சை அன்று வேறு கணினியின் முன் தடுமாறக் கூடாது. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

முழுதாக மாற்று என்பது இரண்டாம் தரப்பு. மெக்கில் கொன்ட்ரோலையும் கொமாண்ட்டையும் ஒன்றுக்கொன்று மாற்றினால், விண்டோஸில் பழகிய சுண்டுவிரல் அதே மூலையில் பிரதி எடுக்கும். அல்லது விண்டோஸிலும் லினக்ஸிலும் ஆல்ட் இடத்துக்குக் கொன்ட்ரோலைக் கொண்டுவந்தால், மெக்கைப்போல் பெருவிரலாலேயே எல்லாம் நடக்கும். நாள் முழுக்கத் தட்டுகிறவருக்குச் சுண்டுவிரல் வலி பெரிய தொல்லை, பெருவிரல் வலுவானது. ஆனால் இந்த மாற்றங்கள் சங்கிலியாக இழுக்கும். கொன்ட்ரோலை மாற்றினால் சாளரம் மாற்றும் ஆல்ட்-டேப் இடம் பெயர்கிறது, முனையத்தின் விசைகள் பெயர்கின்றன. வலது ஆல்ட்டை மூன்றாம் அடுக்கு எழுத்துகளுக்கு வைத்திருக்கும் அமைப்புகளில் அதைத் தொட்டால் எழுத்தே போய்விடும். பக்கத்து மேசைக்காரர் அந்தக் கணினியில் உட்கார்ந்தால் அவருக்கு எதுவுமே புரியாது.

மூன்றாவது வழி, கூட்டு, ஆனால் எதையும் பறிக்காதே என்பது. நம் நிலைமைக்கு இதுவே பொருந்தும் என்று உறுதியாகச் சொல்வேன். கெப்ஸ் லொக்கை விண்டோஸிலும் லினக்ஸிலும் இன்னொரு கொன்ட்ரோலாக்குங்கள். மெக்கில் அதையே இன்னொரு கொமாண்ட் ஆக்குங்கள். இனி மூன்று இயங்குதளத்திலும் பிரதி எடுக்க, ஒட்ட, சேமிக்க, பின்வாங்க ஒரே இடம்: ஏ எழுத்துக்கு இடப்பக்கம். சுண்டுவிரல் மூலைக்கு நீளவும் வேண்டாம். பழைய கொன்ட்ரோலும் கொமாண்ட்டும் இருந்த இடத்திலேயே இருப்பதால், அதே கணினியை உபயோகிக்கும் தம்பிக்கோ சக ஊழியருக்கோ எந்தத் தொல்லையும் இல்லை. மெக்கில் கொன்ட்ரோலும் கொமாண்ட்டும் தனித்தனியே இருக்கும் நன்மையும் கெடாது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. விண்ணப்பப் படிவங்களில் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் நிரப்ப வேண்டிய வேலை நம் அலுவலகங்களில் நிறைய. அதற்கு ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டு தட்டலாம். வேர்டில் எழுதிய பிறகு ஷிப்ட்டும் எஃப்3உம் அழுத்தி மாற்றலாம். லினக்ஸில் இரு ஷிப்ட் தெரிவை வைத்துக்கொள்ளலாம். படிவமே முழுநேர வேலையாக உள்ள எழுதுவினைஞர் மட்டும் கெப்ஸ் லொக்கை விட்டுவைப்பதில் பிழையில்லை.

இரண்டாவது கூட்டல் மொழி மாற்றத்துக்கு. விண்டோஸிலும் லினக்ஸிலும் கீழ்வரிசையின் இரண்டாம் விசையோடு இடைவெளிப் பட்டை ஏற்கெனவே அதைச் செய்கிறது. மெக் பலகையில் அந்த இரண்டாம் இடத்தில் இருப்பது ஒப்ஷன். குறுக்குவழி அமைப்பில், உள்ளீட்டு மொழியை மாற்றும் வேலையை ஒப்ஷனோடு பட்டைக்குக் கொடுத்துவிட்டால் போதும். எந்த விசையையும் இடம் மாற்றாமலே மூன்று கணினியிலும் தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே கை அசைவு. சாதாரணப் பலகையை மெக்கில் செருகுகிறவர், அந்தப் பலகைக்கு மட்டும் ஆல்ட்டையும் விண்டோஸையும் மாற்றிவைத்தால் அங்கும் இது பொருந்தும்.

யார் என்ன செய்யலாம்

சொந்தக் கணினி உள்ளவர் இந்த இரண்டு மாற்றத்தையும் ஒரே நாளில் எல்லா இயந்திரத்திலும் செய்ய வேண்டும். ஒன்றில் செய்து மற்றதை விட்டால் முன்பிருந்ததைவிட மோசமான குழப்பம் வரும். பொதுக் கணினியில் ஆழமான மாற்றம் எதையும் வைக்கக் கூடாது. லினக்ஸில் தன் கணக்குக்குள் வைக்கலாம், விண்டோஸில் பவர்டோய்ஸ் நிறுவ அனுமதி இருந்தால் தன் நேரம் முடிந்ததும் நிறுத்திவிட்டுப் போகலாம்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். குறுக்குவழியைக் ‘கொன்ட்ரோல் சி’ என்று மட்டும் மனனம் செய்யவிடாமல், கீழ்வரிசையின் முதலாம், இரண்டாம், மூன்றாம் இடங்கள் ஒவ்வோர் இயங்குதளத்திலும் என்ன செய்கின்றன என்று கரும்பலகையில் ஒரு சிறு அட்டவணை போட்டுக் காட்டுங்கள். மாற்றாத விசையமைப்பில் தேர்ச்சி முதலில். மாற்றம் அதற்குப் பிறகு. பழைய இயந்திரங்களைப் பாடசாலைக்கு அன்பளிப்பாகக் கொடுக்கும் நலன்விரும்பிகள், லினக்ஸ் போட்டுக் கொடுக்கும்போதே ஆங்கிலம், தமிழ், சிங்களம் மூன்றையும் சேர்த்து, மொழி மாற்றும் விசை எதுவென்று பலகையருகே எழுதி ஒட்டிவிட வேண்டும். அந்த ஒரு வரி இல்லாததால் தமிழே இல்லாத கணினியாக நினைக்கப்பட்டு ஓரத்தில் கிடக்கும் நிலை வரக்கூடாது. இருமொழிச் செயலகங்களும் தம் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே மொழிமாற்று விசையைத் தீர்மானித்து எழுத்தில் வைத்தால், இடமாற்றம் பெற்று வரும் ஊழியர் முதல் நாளிலிருந்தே மக்களின் மொழியில் பதில் எழுத முடியும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணினியே தாமதமாகத்தான் கிடைத்தது. கிடைத்த கணினி ஒவ்வொன்றிலும் விரலைப் புதிதாகப் பழக்க வைத்து அவர்களின் நேரத்தை மேலும் வீணாக்குவது நியாயமில்லை. மேலே சொன்ன இரண்டு மாற்றங்களுக்கும் பணச்செலவு கிடையாது. அரைமணி நேரம் போதும். கணினி கற்பிக்கும் ஒவ்வொருவரும் அதைத் தம் பாடத்தின் பகுதியாக்க வேண்டும்.